சினிமாச் சாந்து

"இப்ப வரும் பாரு, கண்ண அங்க இங்க வுடாத," என்று சொல்லிச் சொல்லிக் காசியம்மாள் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மாரண்டஹள்ளிக்கு வெளியே அவளுடைய அண்ணன் தரிசாகப் போட்டு வைத்திருந்த நிலத்தில்தான் அந்த டெண்ட் கொட்டாய் போட்டிருந்தார்கள். நிலம் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த உரிமையில், பக்கத்து வீட்டுப் பெண்ணான என்னையும் இழுத்துக்கொண்டு வந்து, பெண்கள் பக்கத்து மணலில், திரைக்கு ரொம்பக் கிட்டத்தில், கழுத்து வலிக்கிற இடமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தாள். படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் ஞாபகம் வராது. பெரிய ஊர்களில் ஓடி, சின்ன ஊர்களில் ஓடி, உடம்பெல்லாம் கோடு விழுந்து, இனிமேல் போக இடமில்லை என்று ஆனபிறகு எங்களிடம் வந்து சேர்ந்த படம். எண்பத்தாறாம் வருஷத்துக் கோடை. தக்காளிச் செடியெல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பதிமூன்று வயது.

பாட்டு ஒன்று முடிந்ததும் மாரியம்மன் பண்டிகை வந்தது. ஒகேனக்கல் ஆற்றங்கரையில் பெண்கள் தலையில் மாவிளக்குத் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள். கதாநாயகி அவர்களுக்கு நடுவில் புகுந்து அண்ணனைத் தேடி ஓடுகிறாள். அவளை யார் பார்த்தார்கள். "அதா, நாந்தான், செவப்புச் சீல, திரும்பிப் பாக்கறேன் பாரு," என்று காசியம்மாள் பாதி எழுந்தேவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நான் காசியம்மாளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு முதுகைப் பார்த்தேன். பச்சை ஜாக்கெட். வலது தோள்பட்டைக்குக் கீழே மஞ்சள் பூப் போட்ட துணியில் ஒரு ஒட்டு. அது என் பழைய பாவாடைத் துணி. அம்மா அதை வெட்டியபோது நான் புரண்டு அழுதிருக்கிறேன். அந்த முதுகு இரண்டு மூன்று அடி நடந்தது, கூட்டம் மறைத்தது, வேறு காட்சி வந்துவிட்டது.

என் அம்மாவின் பெயர் வியாகுலம். அவள் செத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. படம் என்று சுவரில் இருந்தது திருஇருதயப் படம் ஒன்றுதான். கல்யாணத்தின்போது எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்கப்புறம் எடுப்பதற்கு எந்தக் காரணமும் வரவில்லை. அவள் குரல் எனக்கு ஞாபகமிருந்தது. களி கிண்டும்போது துடுப்பை ஊன்றிப் பிடிக்கிற கை ஞாபகமிருந்தது. முகம் மட்டும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவளை நினைத்தால் நெற்றியில் இருந்த புண் முதலில் வரும். அது வந்ததும் மற்றதெல்லாம் அழிந்துபோகும். கண் எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது, சிரித்தால் பல் தெரியுமா, எதுவுமே தெரியாது. அம்மாவை மறந்த மகள் என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

புண் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு தவக்காலத்தில், ஒகேனக்கலில் சூட்டிங் நடக்கிறது, கூட்டத்துக்குப் பொம்பளைகள் வேண்டும் என்று தக்காளி லாரியில் ஆள் பிடித்தார்கள். ஒரு நாள் கூலியும் மத்தியானச் சோறும் கிடைக்கும் என்று அம்மாவும் காசியம்மாளும் ஏறிப் போனார்கள். அங்கே எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒரு ஆள் கிண்ணமும் பிரஷ்ஷுமாக வந்து நெற்றி நெற்றியாகச் சிவப்புச் சாந்து வைத்துக்கொண்டே போனானாம். "நாங்க வேதக்காரங்க, பொட்டு வெக்கறதில்லைங்க," என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் அவனுக்கு என்ன வந்தது. வெயிலிலும் வேர்வையிலும் கலையாமல் இருப்பதற்காகச் செய்த சாந்து அது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

வேதக்காரர்கள் எல்லாருமே பொட்டு வைக்காதவர்கள் என்று இல்லை. எங்கள் பங்குச் சாமியார்கூட அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அப்பாவுக்குத்தான் அது ஒரு பிடிவாதம். அன்று அம்மா திரும்பி வந்தது சனிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் குருத்தோலை ஞாயிறு. ஊர்வலத்துக்கு முன்னால் சிலுவை தூக்கிப் போவதற்கு அந்த வருஷம் அப்பாவைச் சொல்லியிருந்தார்கள். மண்டியில் கூடை தூக்குகிற மனுஷனுக்கு அது சின்ன விஷயமா. சிலுவை தூக்குகிறவன் பெண்டாட்டி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நாளைக்கு ஊரே பேசும் என்று அவர் பயந்தார். அவர் அம்மாவை அடிக்கவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. துணி துவைக்கிற கல்லில் அவளை உட்கார வைத்து, முதலில் சோப்புப் போட்டார், அப்புறம் சீயக்காய் போட்டார், அப்புறம் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரே சீராகத் தேய்த்தார். அம்மா அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "மெல்லங்க, போயிடும்ங்க," என்று மட்டும் சொன்னாள். போயிற்று, தோலோடு போயிற்று.

மறுநாள் முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா கோயிலுக்கு வந்தாள். அப்பா சிலுவை தூக்கினார். புண் சீழ் கட்டியது. உயிர்ப்புத் திருநாள் கழிந்த வாரத்தில் அவளுக்குத் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்தது. தர்மபுரிக்குக் கொண்டுபோனபோது நேரம் தாண்டிவிட்டது. ஜன்னி கண்டு செத்துப்போனாள் என்று ஊர் சொன்னது. ஜன்னி எதனால் வந்தது என்று அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து காசியம்மாள் அழுதாள். "தேங்காண்ணெ ரெண்டு சொட்டு தொட்டுத் தொடச்சிருந்தா வந்திருக்குமே வியாகுலம். எனக்கு அப்பிடித்தான வந்துச்சு. நான் ஒரு எட்டு வந்து சொல்லாமப் போயிட்டனே." அவள் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒப்பாரியில் அவள் வாயில் வந்தது, அவ்வளவுதான். அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டார். அன்றிலிருந்து அவர் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. செம்பட்டை பிடித்து, நார் நாராக நின்றது அவர் முடி.

ஆக, படம் வந்திருக்கிறது என்று காசியம்மாள் சொன்னதும் நான் அலைந்ததில் ஆச்சரியம் இல்லை. நெற்றியில் புண் இல்லாத அம்மா அந்தப் படத்தில் இருக்கிறாள். ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், சாகும்வரைக்கும் மறக்காமல் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். அம்மா போனபிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிவிட்ட ராஜமேரி அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, நான் கொட்டாய்க்குப் போவது தெரியும். "தவக்காலத்துல சினிமாவுக்குப் போறவ நரகத்துக்குப் போவா. போறது போற, உங்கப்பனுக்குத் தெரியாமப் போ," என்றாள் அத்தை. சாயங்காலம் முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அப்பா மண்டியிலிருந்து வருவார். வழக்கத்தை விட அந்த வாரம் லேட்டாகவே வந்தார். லுங்கியின் பின்பக்கத்தில் மணல் ஒட்டியிருக்கும். "மண்டியில ஏதுடா இம்மாம் மணலு, வூடெல்லாம் கொட்டுது," என்று அத்தை விளக்குமாறும் கையுமாகக் கத்துவாள். அவர் களியைத் தண்ணீர் தொட்டு விழுங்குவார்.

மறுநாள் நான் போனபோது அந்த முதுகு மெதுவாக நடந்தது. முதல் நாள் காசியம்மாளுக்குச் சமமாகப் போனவள் அன்று ஒரு அடி பின்தங்கியிருந்தாள். என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் இரண்டு மூன்று பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவளுடைய இடது தோள் கொஞ்சம் திரும்பியிருந்தது. காதும் அதில் இருந்த செம்புத் தோடும் தெரிந்தன. பட்டன் மாதிரி இருக்கும் அந்தத் தோட்டை நான் மறந்தே போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் காசியம்மாளைக் கேட்டேன்.

"அக்கா, எங்கம்மா திரும்புதுக்கா. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா திரும்புது."

"என்னா புள்ள சொல்ற. படத்துல ஒரு தடவ புடிச்சா புடிச்சதுதான்," என்றாள். "உங்கம்மா மொகம் படத்துலயே வுழுவல கண்ணு. காமிரா பின்னாலதான் இருந்துச்சு. திரும்பாதீங்க, யாரும் திரும்பாதீங்கன்னு அந்தாளு மைக்குல சொல்லிகினே இருந்தான். நான் திரும்பி வசவு வாங்கினேன். உங்கம்மா சொன்னா சொன்னபடி நிக்கிறவ. திரும்பவே இல்ல."

சொன்னால் சொன்னபடி நிற்கிறவள் என்பது எனக்கும் தெரியும். அண்ணாந்து உட்கார் என்றால் உட்கார்ந்தாள், கண்ணை மூடு என்றால் மூடினாள். நார் தோலைத் தாண்டிப் போனபோதுகூட எழுந்து ஓடவில்லை. இரண்டு வருஷமாக எனக்கு அப்பா மேல் இருந்த கோபத்தை விட அம்மா மேல் இருந்த கோபம் பெரிது. அவரைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து எத்தனையோ சாயங்காலம் அந்தத் துவைகல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இப்போது, திரும்பாதே என்ற இடத்தில் திரும்புகிறாள் என்றால் அது எனக்காகத்தான். வேறு யாருக்காக இருக்க முடியும்? இதை நான் சந்தேகப்படவே இல்லை. பதிமூன்று வயதில் சந்தேகம் வருவது வேறு விஷயங்களில்.

கோயிலில் அந்த வாரம் சுரூபங்களின் முகத்தையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கும். சிலுவைப் பாதையில் அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆறாம் ஸ்தலத்துப் படத்தையே பார்த்தேன். ஆண்டவர் முகத்தை வெரோணிக்காள் துணியால் துடைக்கிறாள், துணியில் முகம் அப்படியே பதிந்துவிடுகிறது. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காதா என்று வேண்டிக்கொண்டேன். அத்தை என் தலையில் குட்டி அடுத்த ஸ்தலத்துக்கு நகர்த்தினாள்.

புதன்கிழமை அவள் நின்றே விட்டாள். வரிசை இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தலையிலிருந்த தட்டை அவள் கீழே இறக்கிக் கையில் பிடித்திருந்தாள். கன்னத்தின் ஓரம் தெரிந்தது, அதற்குள் காட்சி முடிந்துவிட்டது. அடுத்த நாள் வியாழக்கிழமை. வியாழனோடு கொட்டாய்க்கு லைசென்ஸ் முடிகிறது, வெள்ளிக்கிழமை பிரித்துக்கொண்டு அரூர்ப் பக்கம் போகிறார்கள் என்று காசியம்மாளின் அண்ணன் சொல்லியிருந்தார். இன்னும் ஒரே ஆட்டம். முழுதாகத் திரும்புவதற்கு அவளுக்கு அது போதும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் துவைகல்லில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்துவிட்டது. என்னவென்று தெரியும், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அத்தையிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கோயில் வேறாக இருந்தாலும் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டுக்கும் காசியம்மாள் வீட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பச்சை ஓலையில் குச்சு கட்டி உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் வெளியே கால் வைக்க முடியாது. ஆம்பளைகள் முகத்தில் முழிக்கக் கூடாது. அம்மா அங்கே கையில் தட்டோடு நின்றுகொண்டிருப்பாள், கொட்டாயைப் பிரித்துவிடுவார்கள். நான் பெட்டியைத் திறந்து அம்மாவின் பழஞ்சேலையில் ஒரு முழம் கிழித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தராமல் நானே செய்துகொண்டேன். அந்த நேரத்தில் அவள் இல்லை என்பது எனக்கு உறைத்த மாதிரி அவள் செத்த அன்றைக்குக்கூட உறைக்கவில்லை.

"என்னா புள்ள, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது," என்றாள் அத்தை.

"களி செரிக்கல அத்தே."

"செரிக்காதவ கொட்டாய்க்கு எதுக்குப் போற. குந்து வூட்ல."

நான் நிற்காமல் நடந்தேன். முதன்முதலாக ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் போனது அன்றைக்குத்தான். அத்தை பின்னால் வைதுகொண்டே இருந்தாள்.

கடைசி நாள் என்பதால் கொட்டாயில் பாதி மணல் காலியாகக் கிடந்தது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. முழங்காலை மடக்கி வயிற்றோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசியம்மாள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தானே பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. பாட்டு முடிந்தது. ஆறு வந்தது. பெண்கள் வந்தார்கள். அவள் நேற்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். கூட்டம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கதாநாயகி ஓடி வந்தாள், ஓடிப் போனாள். பண்டிகைக் கூட்டம் முழுக்கத் திரையை விட்டு வெளியே போய்விட்டது. ஆற்றங்கரையில் அவள் ஒருத்திதான். அவள் தட்டை மணலில் வைத்தாள். நிமிர்ந்தாள். திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்துப் பிலிம் சிக்கிக்கொண்டது. சத்தம் நின்றது. படம் அசையாமல் நின்றது. என் அம்மாவின் முகம் கொட்டாய் உயரத்துக்கு நின்றது. மூக்கு நுனியில் வேர்வை இருந்தது. ஒரு புருவம் மற்றதை விடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைத்தான் பார்த்தாள். நெற்றியில் சாந்துப் பொட்டு, பெரிதாக, ஈரம் காயாமல் இருந்தது. அழகாக இருந்தாள். என் அம்மா அழகானவள் என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

பொட்டு கருத்தது. நடுவில் ஒரு பழுப்புக் கொப்புளம் கிளம்பி, அது உடைந்து, விளிம்பு சுருண்டு விரிந்தது. மெஷினில் சிக்கிய பிலிம் சூட்டில் பொசுங்கினால் அப்படித்தான் ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று நான் கண்டது வேறு. நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது, புருவத்திலிருந்து கண்ணுக்கு இறங்கியது. அவள் அசையவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். "எந்திரிம்மா" என்று நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் கொட்டாய் முழுக்க விசிலும் கூச்சலுமாக இருந்தது. அந்தக் கூச்சலுக்குள்தான் ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வியாகுலம்."

கத்தவில்லை. வேலை முடிந்து வந்து, வாசலிலிருந்து தண்ணீர் கேட்டுக் கூப்பிடுகிற அதே குரல்.

திரை வெள்ளையாகிவிட்டது. லைட்டைப் போட்டார்கள். நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்திருந்த ஆம்பளைகளுக்கு நடுவில் என் அப்பா இன்னாசிராஜ் தோளில் சும்மாட்டுத் துண்டோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லி யாரோ அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது, எதையோ துடைக்கப் போன மாதிரி. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அவரைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் கொட்டிக் கிடந்த மணல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரும் தினமும் வந்திருக்கிறார். அவளும் ஒருவேளை அவருக்காகத்தான் திரும்பினாளோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. பிலிமை ஒட்டிப் போட்டார்கள். அடுத்த காட்சியில் கதாநாயகிக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்தபோது காசியம்மாள் பின்னாலிருந்து, "ஐயோ, இரு கண்ணு, இரு," என்று தன் முந்தானையை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றினாள்.

குச்சு கட்டுவது தாய்மாமன் வேலை. என் மாமன் அம்மாவைப் புதைத்த அன்று எங்கள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை அப்பாவே போய்ப் புங்கந்தழையும் தென்னை ஓலையும் வெட்டிக்கொண்டு வந்தார். பெற்றவன் கட்டக் கூடாது என்று அத்தை மூக்கைச் சிந்தினாள், பிறகு வேறு வழி இல்லாமல் கயிறு எடுத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டே ஓலையைக் கட்டினார். நான் உள்ளே கோணிச்சாக்கில் உட்கார்ந்து, அம்மாவின் பெட்டியிலிருந்து அத்தை எடுத்துக் கொடுத்த பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். தோள்பட்டையில் பாவாடைத் துணி ஒட்டு உறுத்தியது. ஓலைச் சந்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கழுத்தோரத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவரை வெறுக்க வேண்டும் என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

"அப்பா."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நேத்து அம்மாவப் பாத்தீங்களா?"

அவர் ஒரு புங்கந்தழையை உருவி உருவி மொட்டையாக்கினார்.

"ஓலை பத்தல," என்றார்.

அப்போதுதான் ரோட்டில் லாரி வந்தது. கொட்டாயைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மூங்கில், பெஞ்சு, கீற்று எல்லாவற்றையும் அடுக்கி, பறக்காமல் இருப்பதற்காகத் திரைத் துணியை மேலே விரித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் மேடு என்பதால் லாரி முக்கி முக்கித்தான் ஏறும். ஓலைச் சந்தில் நான் அந்தத் துணியைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் அது அழுக்காக இருந்தது. நடுவில், நெற்றி இருந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பொசுங்கி ஓட்டையாகி, சுற்றிலும் பழுப்பேறியிருந்தது. எரிந்தது மெஷினுக்குள் இருந்த பிலிம்தான் என்றால் திரை எப்படிப் பொசுங்கும் என்று எனக்கு இன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. ஓட்டைக்குள் காற்று புகுந்து துணி மூச்சு விடுகிற மாதிரி உப்பி அடங்கியது.

அப்பாவும் பார்த்தார். கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். மாடத்தில், அத்தை தனக்கென்று வைத்திருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதன் மூடி தொலைந்துபோய்க் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருப்போம். ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் லுங்கியுமாகப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். லாரி மேட்டைத் தாண்டி வேகம் பிடித்துவிட்டது. "நில்லுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க," என்று அவர் கூப்பிட்டது கேட்டது. மண்டியில் முதுகு வளைந்துபோன மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் எழுந்து ஓலையைத் தள்ளினேன். அத்தை ஓடிவந்து என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். "வெளிய கால் வெக்காதடி பாவி," என்றாள். லாரியும் அவரும் புழுதிக்குள் போனார்கள். புழுதி வெகு நேரம் ரோட்டிலேயே நின்றது.

பொழுது சாயும்வரை அவர் திரும்பவில்லை. எனக்குத் தலையில் வைக்க எண்ணெய் தேடி அத்தை வீட்டுக்குள் ஒவ்வொரு பாத்திரமாக உருட்டிக்கொண்டிருந்தாள். "எண்ண பாட்டில எவன்டா எடுத்தது," என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. நான் கண்ணை மூடி அம்மாவை நினைத்துப் பார்த்தேன். மூக்கு நுனி வேர்வை வரைக்கும் வந்தது, அதற்குமேல் எரிந்துவிட்டது. திறந்தேன். குச்சின் வாசலுக்கு வெளியே, நிலைப்படியிலிருந்து ரோட்டைப் பார்த்து, பாட்டிலிலிருந்து சிந்திய எண்ணெயை மண் குடித்து, பொட்டுப் பொட்டாகக் கறுத்துக் கிடந்தது.